பாடலைத் திருடியவனுக்கு என்ன தண்டனை?

மேட்டூர் அணை 2002 முதல் 2004 வரை மூன்று ஆண்டுகளும் அதற்குரிய ஜூன் 12-ஆம் நாளில் திறக்கப்படவில்லை. குறுவை பொய்த்தது. வயல்கள் வெடித்துக் கிடந்தன. நடவுக்கும் அறுப்புக்கும் பழகிய கைகள் வேறு பிழைப்பைத் தேடிப் போயின. அந்த வறட்சிக்கு அடுத்து ஒருநாள் காலை, திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, கோவில் வாசலில் ஒரு தாய் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் தடித்த காகிதக் கட்டு ஒன்று இருந்தது. "சாமி, இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க" என்று அதை நீட்டினார்.

அவருடைய மகன் பேருந்து நிலையத்துக்கு அருகே சாக்கை விரித்து, திரைப்படக் குறுந்தகடுகளும் பாட்டுத் தகடுகளும் விற்றுவந்தவன். ஒரே தகட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் இருக்கும். விலை சில பத்து ரூபாய்தான். எல்லாம் உரிமையாளரின் அனுமதியின்றிப் படியெடுக்கப்பட்டவை. முன்பும் இருமுறை பிடிபட்டவன். அந்தக் காகிதக் கட்டு நீதிமன்றத் தீர்ப்பன்று. காவலில் வைக்கும் ஆணை. குண்டர் தடுப்புச் சட்டத்தின்கீழ் அவனைப் பன்னிரண்டு மாதம்வரை சிறையில் வைக்கலாம் என்பதே அதன் சாரம். படித்துச் சொன்னேன். அந்தத் தாய் சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டுக் கேட்டார்: "தப்புதான் சாமி, இல்லைங்கல. ஆனா வாய்தாவே இல்லாம எப்படி உள்ள வைக்கிறாங்க?"

எழுத்தறியாத அந்தத் தாயின் கேள்வி, சட்டம் பயின்றோர் பல ஆண்டுகளாக எழுப்பிவரும் கேள்விதான். பாடலைப் படியெடுத்து விற்பது தவறா என்பது ஒன்று. அத்தவற்றுக்கு எத்தகைய தண்டனை தகும் என்பது வேறொன்று. இவ்விரண்டையும் நாம் பெரும்பாலும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். வரலாற்றின் துணைகொண்டு சற்றே பிரித்துப் பார்ப்போம்.

பசுவும் கன்றும்

படியெடுத்தலைப் பற்றிய வழக்கு நம் காலத்துக்கு மட்டும் உரியதன்று. ஆறாம் நூற்றாண்டில் அயர்லாந்து நாட்டில் நடந்ததாக மரபு கூறும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. புனித கொலும்பா, தம் ஆசிரியராகிய பின்னியனிடம் இருந்த திருப்பாடல் ஏட்டை அவர் அறியாமல் இரவோடிரவாகப் படியெடுத்தார். ஆசிரியர் அந்தப் படியையும் தமக்கே உரியதென்று கேட்டார். வழக்கு மன்னர் தியர்மித்திடம் சென்றது. பசுவுக்குக் கன்று எவ்வாறு உரியதோ, அவ்வாறே மூலநூலுக்கு அதன் படியும் உரியது என்பது மன்னரின் தீர்ப்பு. கொலும்பா அதை ஏற்கவில்லை. வேறு பகைகளும் சேர்ந்துகொள்ள, ஏறத்தாழ 561-ஆம் ஆண்டில் பெரும் போர் மூண்டு பலர் மாண்டனர். பின்னர் கொலும்பா தாயகத்தை விட்டு அயோனா தீவுக்குச் சென்று மறைப்பணி ஆற்றினார். அந்தப் படி என்று மரபு கருதும் பழைய ஏடு டப்ளின் நகரில் ராயல் ஐரிஷ் அகாதெமியில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

இக்கதையின் விவரங்கள் பிற்காலத்தில் எழுதப்பட்டவை. எனினும் அது உணர்த்தும் உண்மை பழையதாகாது. பாடலைப் படியெடுத்தவரும் புனிதரே. உரிமை கேட்டவரும் புனிதரே. இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. நியாயத்தின் அளவை இருவரும் தவறவிட்டபோது, திருப்பாடலின் பெயரால் குருதி சிந்தியது.

மற்றொரு நிகழ்ச்சி உரோமையில் நடந்தது. அல்லேக்ரி என்பவர் இசையமைத்த பாவமன்னிப்புத் திருப்பாடல், புனித வாரத்தில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் மட்டுமே பாடப்பட்டு வந்தது. அதைப் படியெடுத்து வெளியே கொடுக்கும் பாடகர், திருச்சபையின் உறவிலிருந்தே விலக்கப்படுவார் என்று அக்காலத்தில் நம்பினர். 1770-ஆம் ஆண்டு புனித வாரத்தில் அங்கே சென்றிருந்த பதினான்கு வயதுச் சிறுவன் மோசார்ட், அதைக் கேட்டுவிட்டு விடுதிக்குத் திரும்பி நினைவிலிருந்தே எழுதிவிட்டான். இச்செய்தியை அவன் தந்தையின் கடிதத்தால் அறிகிறோம். அதே ஆண்டில் திருத்தந்தை பதினான்காம் கிளமெந்து அச்சிறுவனுக்குப் 'பொற்குதிமுள்' என்னும் சிறப்பு விருதை வழங்கினார். அடுத்த ஆண்டே இலண்டனில் சார்லஸ் பர்னி அந்த இசையை அச்சிட்டார். சபைவிலக்குத் தண்டனை உண்மையில் நடைமுறையில் இருந்ததா என்று வரலாற்று ஆசிரியர்கள் ஐயுறுகின்றனர். எவ்வாறாயினும், அச்சுறுத்தல் பாடலைக் காக்கவில்லை. வெளிப்பட்டதனால் அப்பாடலின் அழகும் குறையவில்லை.

படியெடுத்தவர்களால் பிழைத்த இசை

நம் காவிரிக்கரைக்கு வருவோம். தஞ்சைத் தரணியின் இசைச் செல்வம் முழுவதும் படியெடுத்தவர்களின் கைகளால் பிழைத்தது என்றால் மிகையாகாது. திருவையாற்றில் 1847-இல் மறைந்த தியாகராசரின் கீர்த்தனைகளை வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் முதலிய சீடர்கள் எழுதிவைத்திராவிட்டால் எத்தனை நமக்குக் கிடைத்திருக்கும்? இரண்டாம் சரபோசி மன்னர் சுவடிகளைத் தேடிச் சேர்த்திராவிட்டால் சரசுவதி மகால் நூலகம் இன்றைய வளத்தை அடைந்திருக்குமா? ஒரு சுவடி செல்லரிக்குமுன் அதைப் பார்த்து மறுசுவடி எழுதுவதை அக்காலத்தில் யாரும் திருட்டு என்று சொல்லவில்லை. தொண்டு என்றே சொன்னார்கள்.

இந்த மண்ணில் பாடலாசிரியரும் நீதிபதியும் ஒருவராகவே வாழ்ந்த அரிய சான்று ஒன்று உண்டு. மாயூரம் முன்சீபாகப் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளை (1826 - 1889) நம் கத்தோலிக்க மரபின் பெருமைக்குரியவர். 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய அவரே 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' பாடியவர். சமய வேறுபாடு கருதாமல் அப்பாடல்களைப் பலரும் பாடினர். ஆனால் அவருடைய வேறொரு நூலை நாம் மறந்துவிட்டோம். உயர்ந்த நீதிமன்றத்தின் தீர்ப்புகளைத் தமிழில் மொழிபெயர்த்துச் 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் பெயரில் அவர் வெளியிட்டார். சட்டம் மக்களைக் கட்டுப்படுத்துமானால் அது மக்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. காகிதக் கட்டோடு நின்ற அந்தத் தாயை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மாயூரம் முன்சீபின் நினைவு வருகிறது.

ஒலிநாடாக் காலம்

எழுதுகோல் இருந்த இடத்தில் இயந்திரம் வந்தபோது நிலைமை மாறியது. 1980-களில் நம் பகுதியில் ஒவ்வொரு சிற்றூரிலும் 'ரெக்கார்டிங் சென்டர்' ஒன்று முளைத்தது. விரும்பிய பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால், இசைத்தட்டிலிருந்து ஒலிநாடாவில் பதிந்து தருவார்கள். திருமண வீட்டுக்கும் தேநீர்க் கடைக்கும் அங்கிருந்துதான் பாட்டு. அது சட்டத்துக்குப் புறம்பு என்ற எண்ணமே ஒருவருக்கும் எழவில்லை.

கோவிலும் இதற்கு விலக்கன்று. நான் குருவான புதிதில், ஒரு குருவானவர் இயற்றி வெளியிட்ட பக்திப் பாடல்களின் ஒலிநாடா எங்கள் பாடகர் குழுவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஒரே ஒரு நாடாவை விலைக்கு வாங்கி இருபது படி எடுத்து, குழுவினர் அனைவருக்கும் கொடுத்தேன். இறைபுகழ் பரவுகிறது என்ற மகிழ்ச்சி எனக்கு. சில ஆண்டுகளுக்குப் பின் அந்தக் குருவானவரைச் சந்தித்தபோது, பதிவுக்கூடத்துக்கும் வாத்தியக்காரர்களுக்கும் கொடுக்கக் கடன் வாங்கியதையும், அந்தக் கடன் இன்னும் அடையாததையும் அவர் பேச்சுவாக்கில் சொன்னார். "என் பாட்டைப் பாடாத கோவில் இல்லை. நாடாவை வாங்கிய கோவில்தான் இல்லை" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே திருட்டு என்பதை மறுக்க முடியாது. பாட்டு தண்ணீரைப் போன்றதன்று என்று சிலர் வாதிடுவர். முறைத்தண்ணீர் ஓடும்போது நள்ளிரவில் மடையை உடைத்துத் தன் வயலுக்குத் திருப்புகிறவன், கடைமடைக்காரனின் பயிரைக் காயவைக்கிறான். பாடலைப் படியெடுப்பவன் எதையும் குறைப்பதில்லையே என்பது அவர்கள் வாதம். பாடல் குறைவதில்லை, உண்மை. ஆனால் பாடலை ஆக்கியவரின் கூலி குறைகிறது. உழைத்தவருக்குரிய கூலியைத் தராமல் வைத்துக்கொள்வது எத்தகைய குற்றம் என்பதை வேளாண்மை செய்யும் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சட்டம் வளர்ந்த வகை

இனித் தண்டனையின் வரலாற்றைக் காண்போம். 1914-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதமே தண்டனை. விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1957-ஆம் ஆண்டுச் சட்டம் ஓராண்டுவரை சிறை என்றது. ஒலிநாடாவும் ஒளிநாடாவும் பெருகிய பின், 1984-இல் அது திருத்தப்பட்டு, சிறை ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டுவரை என்றும், அபராதம் 50,000 ரூபாய்க்குக் குறையாமல் 2,00,000 ரூபாய்வரை என்றும் உயர்ந்தது. வணிக ஆதாயம் கருதாமல் செய்ததாயின் நீதிபதி காரணம் காட்டித் தண்டனையைக் குறைக்கலாம் என்ற இரக்கத்தின் வாசலும் அச்சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்டது. இதுவரை நடந்தவை எல்லாம் விசாரணைக்குப் பின் வரும் தண்டனைகள்.

2004-இல் தமிழ்நாட்டில் ஒரு புதிய திருப்பம் நேர்ந்தது. கள்ளச்சாராயம் விற்போர், போதைப்பொருள் குற்றவாளிகள், குண்டர்கள் முதலியோரை முன்கூட்டியே காவலில் வைப்பதற்காக 1982-இல் இயற்றப்பட்ட 14-ஆம் எண் சட்டத்தில், 'வீடியோ திருடர்' என்ற வகையும் சேர்க்கப்பட்டது. திரைப்படத்தோடு அதன் ஒலித்தடத்தைச் சார்ந்த இசைப்பதிவும் இதில் அடங்கும். மகாராட்டிரம் 2009-இலும் கருநாடகம் 2014-இலும் இவ்வழியே சென்றன.

இச்சட்டத்தின் இயல்பை வாசகர்கள் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். சட்டத்தின் பார்வையில் இது தண்டனையே அன்று, தடுப்பு. எனவே குற்றச்சாட்டு, சாட்சி, குறுக்கு விசாரணை, தீர்ப்பு என்ற ஒழுங்கு இங்கே இல்லை. மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ ஆணையிடலாம். அறிவுரைக் குழுமம் ஒன்று அதை ஆராயும். ஆயினும் அக்குழுமத்தின் முன் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமை சட்டத்தில் இல்லை. காவல் பன்னிரண்டு மாதம்வரை நீளலாம். நம் அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு இத்தகைய தடுப்புக் காவலுக்கு இடம் தருகிறது. ஆனால் சாதாரணச் சட்டமே போதுமான இடத்தில் தடுப்புக் காவலை நாடுவது சட்டத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ரேகா என்பவரின் வழக்கில் தீர்ப்பளித்தது. மூன்று ஆண்டுவரை சிறைக்கு அனுப்பும் சட்டம் கையில் இருக்கும்போது, விசாரணையில்லாக் காவல் எதற்கு என்பதே அத்தாயின் கேள்வியும்.

மற்ற நாடுகளும் இச்சோதனைக்கு உட்பட்டன. அமெரிக்காவில் 24 பாடல்களை இணையத்தில் பகிர்ந்த ஒரு பெண்மணிக்கு 2009-இல் நடுவர் குழு 19,20,000 டாலர் இழப்பீடு விதித்தது. மேல்முறையீட்டுக்குப் பின் 2012-இல் அது 2,22,000 டாலராக நிலைபெற்றது. சப்பான் நாடு 2012 அக்டோபர் முதல், திருட்டுப் பாடல் என்று அறிந்தே பதிவிறக்குவோருக்கு இரண்டு ஆண்டுவரை சிறை என்றது. பிரான்சு நாடு 2009-இல், மூன்று முறை பிடிபட்டவரின் இணைய இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரத்தை ஓர் அமைப்புக்குக் கொடுத்தது. அந்நாட்டின் அரசியலமைப்பு மன்றம் உடனே குறுக்கிட்டு, நீதிபதியன்றி வேறெவரும் அத்தண்டனையை விதிக்கலாகாது என்றது. 2013-இல் துண்டிப்புத் தண்டனையே கைவிடப்பட்டது.

நம் சென்னையிலும் ஒன்று நடந்தது. 'கொலைவெறி' பாடலால் உலகறிந்த '3' திரைப்படத்தின் திருட்டுப் படிகளைத் தடுக்க, 2012-இல் உயர் நீதிமன்றத்தில் ஆணை பெறப்பட்டது. இணைய நிறுவனங்களோ, குற்றமற்றோர் பயன்படுத்திய தளங்களையும் முழுமையாக முடக்கிவிட்டன. குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும் என்று அதே ஆண்டு ஜூன் மாதம் நீதிமன்றம் தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று. களையோடு பயிரையும் பிடுங்குதல் என்பது இதுதான்.

கடைமடைக்குச் சேராத நீர்

இத்தனை கடுமையும் பாடலை ஆக்கியவருக்காகவே என்று சொல்லப்பட்டது. உண்மை என்ன? 1977-இல் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் அமர்த்தி உருவாக்கிய இசையின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, தயாரிப்பாளருக்கே சேரும் என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பிலேயே நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், பாடகருக்குச் சட்டம் எவ்வுரிமையும் தரவில்லையே என்று வருந்திக் குறிப்பு எழுதினார். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் திரையரங்குக்கு வெளியே தம் பாடல் ஈட்டும் வருவாயில் சமபங்கு பெறும் உரிமை, 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் உறுதியாயிற்று. அதாவது, 2004-இல் தரைக்கடைக்காரன் விசாரணையின்றிச் சிறை சென்றபோது, யாருடைய பெயரால் அவன் சிறை சென்றானோ அந்தக் கலைஞருக்கு இந்தப் பங்கு சட்டப்படி உறுதியாகியிருக்கவில்லை. தலைமடையில் காவல் கடுமையாக இருந்தது. கடைமடைக்குத் தண்ணீர் சேரவில்லை.

தஞ்சை மக்களுக்கு இன்னொரு வரலாறும் நினைவுக்கு வரவேண்டும். நம் கீழத்தஞ்சையில் பண்ணையாள்களுக்குச் சாணிப்பாலும் சவுக்கடியும் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. வேலைக்குப் பிந்தி வந்தாலும் எதிர்த்துப் பேசினாலும் அத்தண்டனைதான். 1943-இல் பி. சீனிவாசராவ் இங்கு வந்து விவசாயிகளை ஒன்றுதிரட்டினார். 1944-இல் மன்னார்குடியில் ஏற்பட்ட உடன்பாட்டால் அக்கொடுமை தடைப்பட்டது. அதைச் செய்தவர்கள் தங்களைக் கொடியவர்கள் என்று எண்ணவில்லை. உடைமையைக் காப்பதாகவே எண்ணினார்கள். குற்றம் சிறிது, தண்டனை பெரிது என்ற நிலை எங்கெல்லாம் வருகிறதோ, அங்கெல்லாம் உடைமைக்கு மனிதனைவிட உயர்ந்த இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

விவிலியத்தில் நாத்தான் இறைவாக்கினர் தாவீது அரசரிடம், ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைச் சொன்னார். அரசர் சினந்து, அவன் சாக வேண்டியவன் என்றார். ஆட்டைத் திருடியவன் நான்கு மடங்கு ஈடு செய்ய வேண்டும் என்பதே சட்டம், சாவு அன்று. சட்டத்தையும் மிஞ்சிய சினம் எழுந்தபோது, அந்தக் கதையின் குற்றவாளி அரசரே என்பது வெளிப்பட்டது. பிறர் குற்றத்தின்மேல் நாம் கொள்ளும் அளவிறந்த சினம், சிலவேளைகளில் நம் குற்றத்தை மறைக்கும் திரையாகிறது. இருபது படி எடுத்த நான் வெள்ளை அங்கியோடு பீடத்தில் நின்றேன். இருநூறு தகடு விற்றவன் சிறையில் இருந்தான்.

வேறு வழி இல்லையா?

உண்டு. பாரதியாரின் பாடல்களை ஒலிவடிவில் பயன்படுத்தும் உரிமை ஒருகாலத்தில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடல் ஒன்றைச் சேர்த்தபோது உரிமைச் சிக்கல் எழுந்தது. நாட்டின் கவிஞரைப் பாட அனுமதி கேட்பதா என்று அறிஞர்கள் குரல் எழுப்பினர். 1949-இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அரசு உரிமைகளைப் பெற்று மக்களுக்கு உரியதாக்கியது. கவிஞரின் குடும்பத்தாருக்குப் பணம் வழங்கப்பட்டது. மெய்யப்பச் செட்டியார் தம் உரிமையை விலை பெறாமல் விட்டுக்கொடுத்தார். ஒருவரும் சிறை செல்லவில்லை. ஆக்கியவரின் வீடும் மறக்கப்படவில்லை. கேட்போரின் ஆவலும் தடுக்கப்படவில்லை.

எல்லாப் பாடல்களையும் அரசு வாங்க முடியாதுதான். ஆனால் விலை எளிதாகவும் வழி நேர்மையாகவும் அமைந்தால் மக்கள் நேர்வழியையே நாடுவர் என்பதற்கு இக்காலமே சான்று. கைப்பேசியில் விளம்பரத்தோடு இலவசமாகவோ சிறு சந்தாவுக்கோ பாடல் கேட்கும் வசதி வந்தபின், பேருந்து நிலையங்களில் பாட்டுத் தகடு விற்போரைக் காண்பது அரிதாகிவிட்டது. திரைப்படத் திருட்டு தொடர்கிறது. அதற்கு 2023-இல் ஒளிப்பதிவுச் சட்டமும் திருத்தப்பட்டு, மூன்று மாதத்துக்குக் குறையாத சிறையும் பெருந்தொகை அபராதமும் விதிக்கப்பட்டுள்ளன. பெருங்கொள்ளை நடத்துவோரை நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டிப்பதை யாரும் எதிர்க்கவில்லை. வேண்டுவது மூன்றே: விசாரணை இருக்க வேண்டும், தண்டனை குற்றத்தின் அளவோடு இருக்க வேண்டும், மீட்கப்படும் பொருள் உழைத்தவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

அந்த இளைஞன் ஏழாம் மாதத்தில் ஆட்கொணர்வு மனுவின் பேரில் விடுதலையானான். ஊரில் இருக்க வெட்கப்பட்டு வெளியூர் போய்விட்டான். இன்று சரக்கு வண்டி ஓட்டுகிறான் என்று அவன் தாய் சொல்லக் கேட்டேன்.

நானும் என் கடனை எண்ணிப் பார்த்தேன். இருபது நாடாவின் விலையைக் கணக்கிட்டு, மன்னிப்புக் கடிதத்தோடு அந்தக் குருவானவருக்கு அனுப்பிவைத்தேன். பத்து நாள் கழித்து ஒரு பொட்டலம் வந்தது. பிரித்துப் பார்த்தால், உறை பிரிக்காத இருபது ஒலிநாடாக்கள். உடன் ஒரு சிறு சீட்டு: விலை கொடுத்தவர் பொருளை வாங்காமல் போகலாமா என்று எழுதியிருந்தார். அவர் இன்று நம்மிடையே இல்லை. அவருடைய பாடல்களை நம் கோவில்களில் ஞாயிறுதோறும் பாடுகிறோம். அந்த நாடாக்களில் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன். அதைப் போட்டுக் கேட்கக் கருவி இல்லை, பார்த்துக்கொள்வதற்காக வைத்திருக்கிறேன்.